படத்தின் அகலம்

பதினெட்டாம் சேனல் எச்.டி.க்கு மாறிய அன்று அமெரிக்காவின் ஈரி நகரத்தில் பனி முழங்காலுக்கு மேல் கிடந்தது. ஆனாலும் மேயர் வந்துவிட்டார். ரிப்பன் இருந்தது, கத்தரி இருந்தது, ஏரியையும் கலங்கரை விளக்கத்தையும் க்ரீமில் வரைந்த கேக் இருந்தது. பொது மேலாளர் கர்ட்டிஸ் வான்ஹோர்ன் மைக்கைப் பிடித்து, இன்று முதல் இந்த மாவட்டம் தன்னை உள்ளது உள்ளபடி பார்க்கப் போகிறது என்றார். உண்மை என்ற சொல் அவர் பேச்சில் அடிக்கடி வந்தது. கேக்கை வெட்டியபோது கலங்கரை விளக்கம் மேயருக்குப் போயிற்று. ஊழியர்களுக்கு ஏரி கிடைத்தது.

வாங்கிய புதுக் கேமராக்கள் எல்லாம் ஸ்டுடியோவுக்குள் நிற்பவை என்பதை அவர் சொல்லவில்லை. தெருவுக்குப் போகும் வேனும் அதிலிருந்த கேமராவும் பழையவை. அவை எடுப்பது சதுரப் படம். அகலத் திரையில் சதுரப் படத்தைப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். தலைமைப் பொறியாளர் வெர்ன் ட்ராஸ்க் அதை அப்படியே விட்டுவிடலாம் என்றார்.

"கறுப்புப் பட்டையா?" என்றார் கர்ட்டிஸ். "அகல டி.வி. வாங்கி வச்சிருக்கிறவன் வீட்டுல ரெண்டு பக்கமும் துக்கத் துணி தொங்கவிடச் சொல்றியா வெர்ன்?"

"அப்ப படத்தைப் பக்கவாட்டுல இழுத்துத்தான் விடணும்."

"இழு."

"எல்லாரும் குண்டாத் தெரிவாங்க."

"இந்த ஊர்ல யாருய்யா ஒல்லி?"

அப்படித்தான் இழுக்கப்பட்டது. மறுநாள் காலையிலிருந்து ஸ்டுடியோவுக்குள் இருந்தவர்கள் கடவுள் கொடுத்த அளவில் இருந்தார்கள். வாசலைத் தாண்டியவர்கள் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலத்தில் இருந்தார்கள். தீயணைப்பு வண்டி மேலே யாரோ உட்கார்ந்து எழுந்ததுபோல் நசுங்கித் தெரிந்தது. கலங்கரை விளக்கம் குதிர்போல் உப்பியது. நீதிமன்றப் படியில் விலங்கோடு இறங்கிய திருடன் சிறைச் சாப்பாடு ஒத்துக்கொண்டவன் மாதிரி இருந்தான்.

சேனலில் போன் எடுப்பவள் டாட்டி. முதல் வாரம் அவளுக்குக் காபி குடிக்க நேரமில்லை. பஃபலோ ரோட்டில் பேக்கரி வைத்திருக்கும் வாண்டா ஓல்ஷெவ்ஸ்கிதான் முதலில் கூப்பிட்டாள். கடை முன்னால் தண்ணீர்க் குழாய் வெடித்ததைப் பற்றி அவளிடம் பேட்டி எடுத்திருந்தார்கள்.

"டாட்டி, என்னை பீப்பாயாக்கி வச்சிருக்கீங்களேடி! என் மருமக ஓஹையோவுலருந்து போன் போட்டு, அத்தே உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிக்கிறா. இந்த ஜென்மத்துல அவ என்னை விசாரிச்சதே இல்ல."

"வாண்டா, அது படத்தோட அகலம். ஆளோட அகலம் இல்ல."

"அப்ப படத்தை டயட்டுல போடச் சொல்லு."

வெர்ன்தான் டாட்டிக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தார். படத்தோட அகலம், ஆளோட அகலம் இல்ல. ஒரு வாரத்தில் ஊரே அதைக் கற்றுக்கொண்டது. மதுக்கடையில் பெல்ட்டைத் தளர்த்துகிறவன் அதைச் சொல்லித் தளர்த்தினான். பாதிரியார் பிரசங்கத்தில் சொல்லிப் பார்த்தார். பொருந்தவில்லை, ஆனாலும் சிரித்தார்கள்.

ரோமன் பிலார்ஸ்கிக்கு ஐம்பத்தேழு வயது. இருபது வருடங்களுக்கு மேலாகக் காலைச் செய்தியில் தெருவில் நிற்கிறவர். ஒரு அடி பனி விழுந்தால், ஒரு அடி விழுந்தது என்று சொல்ல ஒரு ஆள் அதிலேயே போய் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சேனல்களின் தீராத நம்பிக்கை. ரோமன் கையில் ஒரு மர அளவுகோல் இருக்கும். அதைப் பனியில் குத்தி, குனிந்து பார்த்து, நிமிர்ந்து, "எங்க அம்மா பாத்திருந்தா இதைப் பனின்னே ஒத்துக்கிட்டிருக்க மாட்டா" என்பார். ஊருக்கு அது போதும். பள்ளிக்கூடம் விடுமுறையா இல்லையா என்பதை அவர் முகத்தை வைத்தே பிள்ளைகள் முடிவு செய்தார்கள்.

அந்த முகம்தான் ஜனவரியில் உருண்டையாகத் தொடங்கியது.

அவரை நேரில் பார்க்கிற ஆள் சேனலில் யாருமில்லை என்றே சொல்லலாம். ஊர் தூங்கும்போது அவரும் கேமராக்காரர் வால்ட்டும் வேனை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பேட்டரி குளிரில் செத்துவிடக் கூடாதென்று வால்ட் அதைக் கோட்டுக்குள் குழந்தை மாதிரி அணைத்து வைத்திருப்பார். வேனின் கம்பத்தை உயர்த்துவார், உறைந்த கேபிளைக் காலால் உதைத்து நீட்டுவார், பிறகு கேமராவில் கண்ணைப் பதிப்பார். அந்தக் கண்ணாடித் துளைக்குள் தெரிவது தீப்பெட்டி அகலக் கறுப்பு வெள்ளைப் படம். அதில் ரோமன் தொப்பி, மஃப்ளர், நடுவே ஒரு வெளுப்பு. ஸ்டுடியோவில் இருக்கிறவர்கள் அவரைத் திரையில்தான் பார்த்தார்கள், நம்மைப் போல.

வீட்டில் லொரெய்ன் இருந்தாள். முப்பது வருட மனைவி. ஆனால் அவள் அவரைப் பார்ப்பதெல்லாம் மத்தியானத்துக்குப் பிறகு. அவள் எழுந்திருக்கும்போது அவர் ஏற்கெனவே டி.வி.க்குள் இருப்பார். காபி போட்டுக்கொண்டே அவரைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போவாள். இரும்பு அண்டாவில் மாட்டுக்கறி மசாலாவைக் கிளறுவது, பன்ரொட்டிகளைப் பிளந்து அடுக்குவது, முந்நூறு பிள்ளைகளுக்குக் கரண்டியில் அள்ளி வைப்பது, பிறகு தட்டுகளை நீராவியில் கழுவுவது. தலையில் வலை கட்டியபடியே திரும்பி வரும்போது ரோமன் சாய்வு நாற்காலியில் கிடப்பார். அப்போது அவர் முகம் ஏறக்குறைய பழைய முகம். சனி, ஞாயிறிலும் அவர் இருட்டோடு கிளம்பி, விரிகுடா ஐஸில் துளை போட்டுப் பெர்ச் மீன் பிடிக்கப் போய், மத்தியானம்தான் வருவார். அதுவும் புதுப் பழக்கமில்லை. இந்தக் குளிர்காலத்தில் கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

"இன்னைக்குப் பூசணிக்கா மாதிரி இருந்த" என்றாள் ஒரு மத்தியானம், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

"படத்தோட அகலம்."

"தெரியும் ராசா. ஆனா காலர் பட்டனைப் போடாம நின்னியே, அதுவும் படத்தோட அகலமா?"

"லாண்டரிக்காரன் சட்டையைச் சுருக்கிட்டான்."

"எல்லாச் சட்டையையுமா?"

"ஒழுங்கான ஆளு. ஒண்ணைச் சுருக்குனா எல்லாத்தையும் சுருக்குவான்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு அவரை ஒரு கணம் பார்த்தாள். கன்னம் வற்றித்தான் இருந்தது. "ஏன் கட்டில்ல படுக்க மாட்டேங்குற? ஒரு மாசமா இந்த நாற்காலியையே கட்டிக்கிட்டு இருக்க."

"முதுகு லொரி. பனியில நின்னு நின்னு."

"டாக்டர்கிட்டப் போயேன்."

"ஏப்ரல்ல ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும். இப்பப் போயி, ரோமனுக்கு முதுகு போச்சுன்னு கர்ட்டிஸ் காதுல விழணுமா? அந்தாளு ஏற்கெனவே பனிக்கு ஒரு பொம்பளைப் புள்ளையைப் போடலாமான்னு யோசிச்சிட்டு இருக்கான். எச்.டி.யில பனி நல்லாத் தெரியுதாம், ஆளுதான் சரியில்லையாம்."

லொரெய்ன் உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டையை வெண்ணெயில் வதக்கி, வெங்காயம் போட்டுக் கொடுத்தாள். அவர் நாலு சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். விழுங்கும்போது கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார். கோழி தண்ணீர் குடிப்பது போலிருந்தது.

தவக்காலம் வரப்போகிறதென்றால் மாதா கோவில் அடித்தளத்தில் பியரோகி வேலை தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு அது இல்லாமல் முடியாது. நீள மேசையில் மாவு. ஒருத்தி தேய்க்க, ஒருத்தி வட்டமாக வெட்ட, ஒருத்தி உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைக்க, மற்றவர்கள் ஓரத்தைக் கிள்ளி மூடுவார்கள். அந்தச் சனிக்கிழமை லொரெய்னும் டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். எதிரே வாண்டா.

"லொரெய்ன், தப்பா எடுத்துக்காத" என்றாள் வாண்டா. "உன் வீட்டுக்காரரு தின்னுற கேக்கை எங்க வாங்குறாரு? எங்கிட்ட இல்லையே?"

"படத்தோட அகலம்டி" என்றார்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து. மாவு பறக்கச் சிரித்தார்கள்.

லொரெய்னும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து டாட்டியிடம் குரலை இறக்கி, "நிறையப் பேர் கூப்பிடுறாங்களா?" என்றாள்.

"எதுக்கு?"

"ரோமனைப் பத்தி."

"தினமும் வருது. கண்ணு சுருங்கிப் போச்சுங்கறா ஒருத்தி. கழுத்துல என்னமோ நெளியுதுங்கறான் ஒருத்தன். மஃப்ளரோட நிழல்னு சொன்னேன்."

"மத்தவங்களைப் பத்தியும் கேக்குறாங்கல்ல?"

"மொத வாரம் எல்லாரைப் பத்தியும் கேட்டாங்க. ஷெரீஃபோட பொண்டாட்டியே கூப்பிட்டா. இப்ப..." டாட்டியின் விரல் மாவின் ஓரத்தில் நின்றது. "இப்ப ரோமன் மட்டுந்தான்."

"அவன்தானே தினமும் தெருவுல நிக்கிறான்."

"அதான். அவன்தானே தினமும் நிக்கிறான்."

இருவரும் மறுபடி கிள்ளத் தொடங்கினார்கள். அந்த விளக்கம் இருவருக்கும் பிடித்திருந்தது.

டாட்டி திங்கட்கிழமை கர்ட்டிஸிடம் போய், ரோமனை ஒரு தடவை நேரில் பார்த்தால் தேவலாம் என்றாள். கர்ட்டிஸ் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். திரைத் தோற்றத்துக்கு ஓர் ஆலோசகரை வரவழைத்தார். ஆலோசகர் டல்லஸிலிருந்து வந்தவர். பனியைப் பார்த்ததும் ஹோட்டலை விட்டு வெளியே வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து ரோமனின் படத்தை ஓடவிட்டுப் பார்த்து, அகலமான முகத்துக்கு இருண்ட காலரும் தாடை ஓரத்தில் பழுப்புப் பூச்சும் உதவும் என்று தீர்ப்புச் சொன்னார். ரோமன் மறுநாள் தாடைவரை மூடும் கறுப்புக் கம்பளிக் கழுத்துச் சட்டையில் நின்றார், கன்னத்தில் நிழல் பூசிக்கொண்டு. அன்று போன்கள் குறைந்தன. கர்ட்டிஸ் அதை வெற்றி என்றார்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் கொழுத்த செவ்வாய். போலந்துக்காரர்கள் வீட்டில் கொழுப்பையும் சர்க்கரையையும் தீர்த்துக்கட்ட வேண்டிய நாள். வாண்டாவின் கடையில் இரவெல்லாம் எண்ணெய் கொதிக்கும். போன்ச்கி என்கிற கொழுத்த பணியாரம், உள்ளே பிளம் ஜாம், மேலே சர்க்கரைப் பூச்சு. விடியுமுன்பே கடைக்கு வெளியே ஜனம் பனியில் கால்மாற்றி நிற்கும். எல்லா வருடமும் ரோமன் அங்கிருந்துதான் பேசுவார். எல்லா வருடமும் ஸ்டுடியோவில் இருப்பவர்கள் அந்தப் பெயரைத் தப்பாகச் சொல்வார்கள்.

அது சேனல்கள் ஜனத்தை எண்ணும் மாதம். எத்தனை வீடு பார்க்கிறது என்று கணக்கெடுக்கும் மாதத்தில் கர்ட்டிஸுக்குத் தலைமையகத்திலிருந்து காசு வந்துவிட்டது. வேனுக்குப் புதுக் கேமரா வந்துவிட்டது.

லொரெய்ன் தலையில் வலையைக் கட்டிக்கொண்டே டி.வி.யைப் போட்டாள். செய்தி வாசிக்கும் ட்ரென்ட் பல்லெல்லாம் தெரியச் சொன்னான்: "இன்னைலருந்து நம்ம தெருவும் எச்.டி.! முதன்முறையா அசல் அளவுல நம்ம ரோமன்! எங்க இருக்கீங்க ரோமன்? பாஸ்கி கடையா?"

முதலில் அவள் கண்ணில் பட்டது பணியாரம். வட்டமாக இருந்தது.

அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வாரமாக அந்தத் திரையில் வட்டமாக எதுவும் வந்ததில்லை. டயர் முட்டையாக இருந்தது, கடிகாரம் முட்டையாக இருந்தது. இன்றைக்குத் தட்டு நிறைய வட்டங்கள். தட்டைப் பிடித்திருந்த வாண்டா கொக்கு மாதிரி நின்றாள், கழுத்தெலும்பு தெரிய. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற தபால்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டும் கிழவர், கன்னியாஸ்திரீ, எல்லாரும் ஒரே விடியலில் இளைத்துப் போயிருந்தார்கள். ஜன்னல் சட்டம் ஒல்லியாக இருந்தது. மாவட்டமே இளைத்துவிட்டது.

நடுவில் ரோமன். அவர் மட்டும் நேற்றைய அகலத்தில் இருந்தார்.

இமை இரண்டும் தடித்து, கண்கள் இரண்டு கீறல். கன்னத்துப் பழுப்புப் பூச்சு, அசல் அளவில் பார்க்கையில், சுவரில் அப்பிய சேறு. கறுப்புக் கழுத்துச் சட்டைக்கு மேல் தோல் பிதுங்கிக் கிடந்தது. அவர் குனிந்து ஒரு பணியாரத்தை எடுத்தார். நிமிரும்போது முகம் நாவல்பழ நிறத்துக்குப் போய்விட்டு மெதுவாகத் திரும்பியது.

"அசத்தலா இருக்கீங்க ரோமன்!" என்றாள் ட்ரென்டின் பக்கத்தில் இருந்த செலஸ்ட். "அரை மணில மறுபடி வர்றோம்."

லொரெய்ன் அடுப்பை அணைத்தாள். காபியை மறந்துவிட்டாள். கார்க் கண்ணாடியில் உறைந்ததை ஒரு பக்கம் மட்டும் சுரண்டிவிட்டு, அந்த ஓட்டை வழியாகப் பார்த்து ஓட்டினாள். உப்பு லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டியிருந்தது.

பேக்கரிக்குள் அவள் நுழையும்போது வால்ட் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "வரிசைல வாங்கம்மா" என்றான் ஒருவன். "அட, லொரெய்னு. விடுங்கப்பா." கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. ரோமன் பேசத் தொடங்கிவிட்டார்: "வாண்டா, இந்த வருஷம் எத்தனை டஜன்..."

லொரெய்ன் கேமராவுக்கு முன்னால் போய் நின்றாள். தலையில் வலை, கோட்டுக்கு மேல் சமையலறை ஏப்ரன்.

"ஆஹா, ரோமனுக்கு விருந்தாளி வந்திருக்காங்க போல!" என்றது ரோமனின் காதுக்கருவியில் ட்ரென்டின் குரல். ஊருக்கும் அது கேட்டது.

"லொரி, நேரலை" என்றார் ரோமன், உதடு அசையாமல்.

அவள் அவருடைய கழுத்துச் சட்டைக்குள் இரண்டு விரலைக் கொடுத்து அதைக் கீழே இழுத்தாள். காதுக்கடியிலிருந்து தோள்வரை நரம்புகள் கயிறாகத் திரண்டு நின்றன. நெஞ்சுப் பக்கம் இன்னும் நீலமாகக் கொடி ஓடியிருந்தது. வாண்டா தட்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"படம் சரியாயிடுச்சு ரோமன்" என்றாள் லொரெய்ன். "நீ சரியாகல."

அவர் மைக்கை வாண்டாவின் கையில் கொடுத்தார். வாண்டா அதை என்ன செய்வதென்று தெரியாமல், "மொத்தம் தொள்ளாயிரம் டஜன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். ஸ்டுடியோவில் வானிலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அன்று டாட்டியின் போன் ஓயவே இல்லை. அந்த மாதத்தில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அதுதான் என்று பிறகு தெரிந்தது. கர்ட்டிஸ் அதைத் தலைமையகத்துக்குத் தெரிவித்தார். துயரமான விஷயம் என்றும் சேர்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடை ஒன்று அனுப்பினார். கூடையில் சேனலின் சின்னம் தெளிவாகத் தெரிந்தது.

டாக்டர் இளம்பெண். சுற்றி வளைக்காமல் பேசினாள். "நுரையீரல்ல கட்டி இருக்கு. தலைலருந்து ரத்தம் இறங்குற பெரிய குழாயை அது நெருக்குது. அதனாலதான் படுத்து எந்திரிச்சா முகம் வீங்குது. நடமாடினா மத்தியானத்துக்குள்ள வடிஞ்சிடும். வீக்கத்தைக் குறைச்சிடலாம். ஆனா கட்டி பரவியிருக்கு. எவ்வளவு தூரம்னு ஸ்கேன்ல தெரியும்."

"எவ்ளோ நாள் டாக்டர்?" என்றாள் லொரெய்ன்.

"வைத்தியம் ஒத்துக்கிட்டா ஒரு வருஷம். ஒத்துக்கலைன்னா அதுக்கு முன்னாடியே." டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடினாள். "வீக்கம் ஆரம்பிச்ச உடனே வந்திருந்தா, இதை வேற மாதிரி சொல்லியிருப்பேன். முகம் இவ்ளோ வீங்கியிருக்கு. யாருமே கவனிக்கலியா?"

"எல்லாரும் கவனிச்சாங்க" என்றாள் லொரெய்ன். "மாவட்டமே போன் போட்டுச்சு."

டாக்டர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுவிட்டுப் போனாள்.

ஒரு நர்ஸ் வந்து, ஸ்கேனுக்கு நேராகப் படுக்க வேண்டும், கொஞ்ச நேரம்தான் என்று சொல்லிக் கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கினாள். பாதி இறங்குவதற்குள் ரோமன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு சீறியது. "ஏத்து, ஏத்து" என்றார். நர்ஸ் ஏற்றினாள். மருந்து கொடுத்துவிட்டு முயலலாம் என்று சொல்லிப் போனாள்.

ஜன்னலுக்கு வெளியே பனி பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ஏரி தெரியவில்லை.

"முதுகு இல்ல" என்றாள் லொரெய்ன்.

"இல்ல."

"மீன் பிடிக்கப் போனதும்..."

"ரெண்டு நாள் மீன் பிடிச்சேன். மத்த நாளெல்லாம் கார்ல உக்காந்திருந்தேன், மூஞ்சி வடியுற வரைக்கும். வழியில மீன் வாங்கிட்டு வருவேன்."

அவள் அவர் கையைப் பிடிக்கவில்லை. ஏப்ரனைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். திணித்ததையே மறுபடி எடுத்துத் திணித்தாள்.

"கண்ணாடில பாக்கும்போது தெரிஞ்சிது லொரி. கண்ணாடி இழுக்காதுல்ல. ஆனா வெர்ன் வந்து, எல்லாம் படத்தோட கோளாறுன்னு சொன்னான் பாரு... கர்ட்டிஸ் சொன்னான், டாட்டி சொன்னா. ஊரே சொல்லிச்சு." மூச்சு வாங்க நிறுத்தினார். "அப்ப எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

தலையில் இன்னும் வலை இருப்பது லொரெய்னுக்கு ஞாபகம் வந்தது. அதைக் கழற்றினாள்.

"எனக்குந்தான்" என்றாள்.